கிளை அஞ்சலகம் மூடியிருந்த நாட்கள்

2018 வாக்கில் இந்தியாவில் ஏறத்தாழ 1.55 லட்சம் அஞ்சலகங்கள் இருந்தன. அவற்றில் 1.29 லட்சம், கிராமங்களில் இயங்கும் கிளை அஞ்சலகங்கள். 2018 மே 22 அன்று தொடங்கி ஜூன் 6 வரை நடந்த கிராமிய அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் இந்தக் கிளை அஞ்சலகங்களில் நடந்தது. நகரத்துத் தலைமை அஞ்சலகங்களில் கவுன்ட்டர்கள் வழக்கம்போல் திறந்திருந்தன. நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் நின்றும், நகரவாசிகள் பலருக்கு வேலைநிறுத்தம் நடப்பது தெரியாமல் போனதற்கு அது ஒரு காரணம். தமிழ்நாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வேலைநிறுத்தம் தொடங்கிய அதே நாளில்தான் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பின் வந்த நாட்களில் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வேறு செய்திக்கு இடமில்லை, இருந்திருக்கவும் முடியாது.

கிளை அஞ்சலகம் பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறை, அல்லது திண்ணையை ஒட்டிய சிறு அறை. அந்த இடத்தைத் தேடித் தரவேண்டியவர் அங்கே வேலை பார்க்கும் கிளை அஞ்சல் அதிகாரிதான். ஊரார் வாயில் அவர் போஸ்ட்மாஸ்டர், துறைக்குள் பி.பி.எம். ஒரு மேசை, பூட்டுள்ள பெட்டி, தராசு, தேதி முத்திரை, மை ஒற்றி, சுவரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தின் சுவரொட்டி. காலையில் கணக்கு அலுவலகமான துணை அஞ்சலகத்திலிருந்து தபால் பை வந்து சேரும். பையின் கட்டும் முத்திரையும் குலையாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கயிற்றை அறுப்பார்கள். உள்ளே சாதாக் கடிதங்கள், விரைவுத் தபால், மணியார்டர், முந்தின நாள் கேட்டெழுதிய ரொக்கம், எல்லாவற்றுக்கும் பட்டியலாக ஒரு சீட்டு. சீட்டில் உள்ளது கையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தேதி முத்திரையில் நாளை மாற்றி, முதல் குத்தைப் பதிவேட்டில் இட்டுவிட்டு, அதன் பிறகுதான் அன்றைய கடிதங்களின் மேல் முத்திரை விழும்.

ரொக்கம்தான் இந்த வேலையின் நுட்பமான பகுதி. ஒவ்வொரு கிளைக்கும் கையில் வைத்திருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. மிஞ்சியதை மாலைப் பையில் அனுப்பிவிட வேண்டும். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும் என்று ஒருவர் பாஸ்புத்தகத்தோடு வந்து வரம்பை மீறிய தொகை கேட்டால், அதைக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதி அனுப்பி, மறுநாள் பையில் வரவழைத்துத்தான் கொடுக்க முடியும். ஆகவே நல்ல பி.பி.எம். ஒருவருக்கு ஊரில் யார் வீட்டில் கல்யாணம், யாருடைய தொடர்வைப்பு எப்போது முதிர்கிறது, நூறு நாள் வேலைக் கூலி எந்த வாரம் வரும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். 2017 டிசம்பரில் தொடங்கிய தர்ப்பண் திட்டத்தின் கீழ் கையடக்கக் கருவி வந்தபின் கணக்கெழுதுவது குறைந்தது. சிக்னல் தேடும் வேலை கூடியது. மலையூர்களில் கருவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறித்தான் அன்றைய கணக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

தபால் பட்டுவாடா செய்பவர் தனியாக இருந்தால், கடிதங்களைத் தெருவரிசைப்படி அடுக்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். சிறிய கிளைகளில் கவுன்ட்டரும் பட்டுவாடாவும் ஒருவர் தலையிலேயே விழும். முகவரியில் வெறும் பெயரும் ஊரும் மட்டும் இருக்கும் கடிதம் உரியவர் கையில் சேர்வது இவர்களுடைய நினைவாற்றலால் நடக்கும் காரியம். ஒரே ஊரில் ஆறு முருகேசன்கள் இருந்தால், அனுப்பியவரின் கையெழுத்தைப் பார்த்தே எந்த முருகேசன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உண்டு. தெருப் பெயரும் கதவு எண்ணும் உள்ள நகரத்தில் பழகிய கூரியர் நிறுவனங்கள் பலவும் குக்கிராமத்துக்கு வருவதில்லை. பக்கத்து ஊர்க் கடையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடும்.

இத்தனையும் ஏட்டில் பகுதிநேர வேலை. 150 ஆண்டுகளுக்கு முன்பு ஏற்பட்ட முறை இது. முழுநேர ஊழியரை அமர்த்தும் அளவுக்கு வேலையில்லாத ஊர்களில், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலபுலன் உள்ளவர் போன்ற வேறு வருமானம் உடைய ஒருவரிடம் தபால் வேலையையும் ஒப்படைத்தார்கள். அந்த ஆசிரியரும் கடைக்காரரும் போய்விட்டார்கள். இன்று விண்ணப்பிப்பவர், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நூறு மைலுக்கு அப்பாலிருந்தும் தேர்வாகி வரும் இளைஞர் அல்லது இளம்பெண். விதி மட்டும் அப்படியே நிற்கிறது: வேறு பிழைப்பு இருக்க வேண்டும், ஊரிலேயே குடியிருக்க வேண்டும், அலுவலகத்துக்கு இடம் காட்ட வேண்டும். விடுப்பில் போவதென்றால் தன் பொறுப்பில் பதிலி ஆள் ஒருவரையும் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அந்தப் பதிலி பணத்தில் தவறு செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் விடுப்பில் போனவர்.

2018 வரை கிளை அஞ்சல் அதிகாரிக்குச் சம்பளமாகத் தரப்படும் மாதப் படியில் மிகக் குறைந்த நிலை 2,745 ரூபாயில் தொடங்கியது. அகவிலைப்படியைச் சேர்த்தாலும் அது இரண்டரை மடங்கை எட்டவில்லை. இவர்கள் தற்காலிகக் கூலிகள் அல்லர், குடிமைப் பதவி வகிப்பவர்கள் என்று 1977-இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளக்கம் கேட்காமல் வேலையைவிட்டு நீக்குவதிலிருந்து அது இவர்களைக் காத்தது. ஓய்வூதியத்தையும் ஊதியக்குழுவின் பரிந்துரைகளையும் பெற்றுத் தரவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊதியக்குழு அமையும்போதெல்லாம் இவர்களுக்குத் தனியே ஒரு குழு அமையும். 1997-இல் அறிக்கை தந்த நீதிபதி தல்வார் குழு, பிறகு நடராஜமூர்த்தி குழு, அதன் பிறகு கமலேஷ் சந்திரா குழு.

கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அதற்குள் மற்ற மத்திய அரசு ஊழியர்கள் ஏழாவது ஊதியக்குழுவின்படி 2016 ஜனவரி முதலான உயர்வைப் பெறத் தொடங்கியிருந்தார்கள். ஒரே துணை அஞ்சலகத்தில் பையைக் கட்டி அனுப்புபவருக்குச் சம்பளம் உயர்ந்துவிட்டது. அந்தப் பையை வாங்கிப் பிரிப்பவருக்குப் பழைய படி. இந்த நிலை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2017 ஆகஸ்டில் ஒரு வேலைநிறுத்தம் நடந்து, வாக்குறுதிகளோடு முடிந்தது. அறிக்கை நகரவில்லை. 2018 மே மாதம் காலவரையற்ற வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு வந்தபோது, வழக்கமாகத் தனித்தனியே நிற்கும் சங்கங்கள் சேர்ந்து நின்றன. வேலைநிறுத்தத்தின் வலு அதிலிருந்து வந்தது.

ஒரு அஞ்சலகத்தை ஒழுங்காக நிறுத்துவது அதை நடத்துவதைப் போலவே பழகவேண்டிய வேலை. மற்றவர்களுடைய பணமும் காகிதமும் கையில் இருக்கும்போது பூட்டைப் போட்டுவிட்டுப் பந்தலுக்குப் போய்விட முடியாது. வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாளே ரொக்கத்தையும் தபால்தலைகளையும் எண்ணிக் கணக்கு அலுவலகத்துக்குச் செலுத்தி ரசீது வாங்கிவிடுவது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். பதிவுக்காக வாங்கி வைத்திருக்கும் பாஸ்புத்தகங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையில் உள்ள பதிவுத் தபால்கள் ஒன்றுகூடத் தங்காமல் பட்டுவாடா ஆகவேண்டும், முடியாதவை திரும்பிப் போகவேண்டும். தெருப்பெட்டியைத் திறந்து வழித்துவிட்டு, அடுத்த சில நாட்களுக்கு இதில் போடவேண்டாம் என்று எழுதி ஒட்ட வேண்டும். உதவித்தொகையை எதிர்பார்க்கும் முதியவர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இவற்றைச் செய்த ஊரில் வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். செய்யாத ஊரில், கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், கைம்பெண் ஒருத்தியின் பணம் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது என்ற பேச்சே மிஞ்சும்.

வேலைநிறுத்தம் தொடங்கியதும் நிர்வாகம் எடுக்கும் முதல் நடவடிக்கை கிளைகளைத் திறக்க வேறு ஆள் பிடிப்பது. கிளைகளை மேற்பார்வையிடும் மெயில் ஓவர்சீயர்கள் ஊர் ஊராக அனுப்பப்படுவார்கள். ஓர் ஓவர்சீயரால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிளைகளைத் திறந்துவைக்க முடியும். அவர் பொறுப்பிலோ பல கிளைகள். அதனால் ஊருக்குள்ளேயே, துறையைச் சேராத ஒரு வெளியாளைத் தேடுவார்கள். பெரும்பாலும் அந்தத் தேடல், முன்பு விடுப்புக் காலத்தில் பதிலியாக நின்ற பையன் வீட்டில் போய் முடியும். முத்திரை குத்தவும் கணக்கெழுதவும் அவனுக்குத் தெரியும். வேலையும் இல்லாதவன்; பின்னால் நிரந்தரமாகப் போட்டுத் தருகிறோம் என்ற ஆசைவார்த்தையும் கிடைக்கும். ஊராரின் ஆதரவு மெய்யாகவே பலிக்கும் இடம் இதுதான். அந்தப் பையனின் தாய்தகப்பனிடம் யாராவது ஒரு பெரியவர் போய், “இன்னைக்கு உங்க பையன் போய் உக்காந்தா, நாளைக்கு அவனுக்கும் இதே ரெண்டாயிரத்து எழுநூறுதான்” என்று எடுத்துச் சொன்னால் போதும். வெளியாள் கிடைக்காத கிளை திறக்காது. மாவட்டத் தலைநகரில் நடக்கும் ஆர்ப்பாட்டத்தைவிட இந்த ஒரு மறுப்புக்கு எடை அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம்.

தபால் ஊழியருக்காக மற்றவர்கள் நின்ற மிகப் பெரிய நிகழ்ச்சி 1946-இல் நடந்தது. ஜூலை 11 அன்று தபால்காரர்களும் கீழ்நிலை ஊழியர்களும் அகில இந்திய அளவில் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஆதரவாக ஜூலை 22 அன்று பம்பாயிலும், ஜூலை 29 அன்று கல்கத்தாவிலும் பொது வேலைநிறுத்தங்கள் நடந்தன. மதம் பாராமல் தொழிலாளிகள் சேர்ந்து நின்ற அந்தக் கல்கத்தாவில்தான் ஆகஸ்ட் 16 அன்று மதக் கலவரம் வெடித்தது. இடைவெளி மூன்று வாரம்கூட இல்லை. அந்த ஜூலை 29-ஐ இன்னும் அதிகம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கிராமத்தில் பொது வேலைநிறுத்தத்துக்கு இடமில்லை. நிறுத்துவதற்கு அங்கே ஆலையும் இல்லை, டிராமும் இல்லை. வாடிக்கையாளர்களின் கையெழுத்துடன் கோட்டக் கண்காணிப்பாளருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மனு அனுப்புவதும், கிராம சபையில் தீர்மானம் போடுவதும் பயன் தரும் வழிகள். 2018-இல் இரண்டாவது வழி தமிழ்நாட்டில் நொண்டியடித்தது. 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடத்தப்படாமல், தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊராட்சிகள் இருந்த காலம் அது. ஊருக்காகப் பேச ஒரு தலைவர் இல்லை. மனு எழுதும்போது, சம்பளம் உயர்த்த வேண்டும் என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், இந்தக் கிளையில் எத்தனை சேமிப்புக் கணக்குகள் உள்ளன, அடுத்த அஞ்சலகம் எத்தனை கிலோமீட்டர், பேருந்து எத்தனை முறை வருகிறது என்று எழுதினால் மேலே படிப்பவர் பதில் எழுதியே தீரவேண்டிய காகிதமாக அது மாறும்.

ஆதரவின் இன்னொரு பக்கம் மளிகைக்கடைக் கணக்கு. வேலை செய்யாத நாளுக்குப் படி கிடையாது. அந்த நாட்கள் பணிக்காலத்திலும் சேராமல் போகலாம். வேறு குற்றச்சாட்டைக் காட்டிப் பணியிலிருந்து ஒதுக்கி வைத்தால், இவர்களுடைய விதிகளின்படி அந்தக் காலத்தில் கருணைத் தொகையாகக் கிடைப்பது படியில் கால் பங்கு. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டு வழக்கில்தான். அதே ஆண்டு ஜூலையில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே உத்தரவில் வேலை இழந்ததைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்துவிடவில்லை. எனவே பதினாறு நாள் வெளியே நின்றவர் அத்தனை அபாயமும் தெரிந்தே நின்றார். கடைக்காரர் கடன் புத்தகத்தில் இன்னும் இரண்டு பக்கம் ஒதுக்குவது, பள்ளிக்கூடக் கட்டணத்துக்குத் தவணை கொடுப்பது போன்றவை செய்தியில் வராத ஆதரவுகள்.

ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை படி திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பலவாக இருந்த படிநிலைகள் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டாகச் சுருங்கின. கிளை அஞ்சல் அதிகாரிக்கு நான்கு மணி நேர வேலைக்கு 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500. உதவிக் கிளை அஞ்சல் அதிகாரி, டாக் சேவக் ஆகியோருக்கு 10,000, 12,000. பலன் பெற்றவர்கள் 3.07 லட்சம் பேர் என்றும், 2018–19-இல் செலவு 1,257.75 கோடி ரூபாய் என்றும் அரசு கணக்கிட்டது. அதில் 860.95 கோடி பழைய பாக்கி வகையில் ஒருமுறை செய்யும் செலவு. ஆண்டுதோறும் கூடும் செலவு 396.80 கோடிதான். ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் ஊர்களில் அரசின் கதவு திறந்திருப்பதற்கு இது பெரிய தொகை என்று எந்த அளவுகோலாலும் சொல்ல முடியாது.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் கடினமானது. துணை அஞ்சலகத்தில் தேங்கிய பைகள் மொத்தமாக வந்து சேரும். அனுபவமுள்ளவர் அவற்றை வந்த வரிசையில் எடுக்கமாட்டார். நேர்காணல் அழைப்பு, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், நீதிமன்ற அறிவிப்பு, மருந்துப் பொட்டலம், ஏடிஎம் அட்டை ஆகியவற்றை முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிடுவார். வங்கி அறிக்கைகளும் பத்திரிகைகளும் பிறகு போகும். தேதி கடந்துபோன அழைப்பு ஒன்று கையில் கிடைத்தால், உறையின் மேல் வந்து சேர்ந்த நாளின் முத்திரையைத் தெளிவாகக் குத்திக் கொடுப்பது நல்லது. தாமதத்துக்குக் காரணம் தான் இல்லை என்று காட்ட விண்ணப்பதாரருக்கு அது ஒன்றே சான்று. இந்தக் கூடுதல் நேரத்துக்குத் தனிப் படி எதுவும் கிடையாது. ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்த வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு இருக்குமா என்பது இந்த ஒரு வாரத்தில் முடிவாகிவிடும்.

எட்டு மணி நேர வேலை, ஓய்வூதியம், பணிமூப்புக்கு உயர்வு ஆகியவை 2018-இல் கிடைக்கவில்லை. அவற்றுக்காக 2023 டிசம்பர் 12 முதல் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தது. 2024 மார்ச்சில், 12, 24, 36 ஆண்டுகள் பணி முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு முறையே 4,320, 5,520, 7,200 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு மாதம் 360 ரூபாய். ஓய்வூதியம் இன்னும் கோரிக்கைப் பட்டியலில்தான் இருக்கிறது.

இதற்கிடையே வேறு பக்கத்திலிருந்து தபால் சேவை மெலிந்துகொண்டிருக்கிறது. 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், கடிதங்களைக் கொண்டுசெல்லும் தனியுரிமையை அரசிடம் வைத்திருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2023-ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தனியுரிமை இல்லை. 2024 ஜூன் 18 முதல் அது நடப்பில் உள்ளது. நூல்களைப் பதிவுத் தபாலில் மலிவாக அனுப்பும் பிரிவு 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பாளர்களுக்கு அது நேரடி அடி. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற பெயரில் ஒரு சேவை வந்தது. அதே ஆண்டில் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. பெயர் குறித்தவர் கையில் மட்டுமே கொடுக்கப்படும் என்ற உறுதியைக் குறைந்த கட்டணத்தில் தந்துவந்த சேவை அது. அந்த உறுதி வேண்டுமானால் இப்போது விரைவுத் தபால் கட்டணத்துக்கு மேல் தனியே செலுத்த வேண்டும். இந்த மாற்றங்கள் எதற்கும் ஊர்க்கூட்டம் நடக்கவில்லை. கவுன்ட்டரில் “இனிமே அது இல்லீங்க” என்று சொல்லவேண்டிய சங்கடம் மட்டும் போஸ்ட்மாஸ்டரிடம் வந்து சேர்ந்தது.

கிளை அஞ்சலகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்ற வாதத்துக்கு அஞ்சல் துறையின் சொந்த விதிகளிலேயே பதில் இருக்கிறது. ஒரு கிளையைத் திறக்கச் சாதாரணப் பகுதியில் அதன் செலவில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் வந்தால் போதும். மலை, பழங்குடி, பின்தங்கிய பகுதிகளில் 15 விழுக்காடே போதும். மீதியை அரசு ஏற்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு திறந்த கதவுகள் இவை. அப்படியிருக்க, அந்த மீதியில் ஒரு பகுதியைக் குறைந்த படியாலும் இலவச அறையாலும் ஊழியரே சுமந்துவந்ததுதான் நூறாண்டுக்கும் மேலாக நடந்த கதை. அந்தச் சுமையை அவர் இறக்கிவைக்கக் கேட்பதும், ஊர் தன் அஞ்சலகத்தைக் காக்க நினைப்பதும் ஒரே கோரிக்கை.

கிளையின் வேலை நேரமும் ஊழியரின் படிநிலையும் அங்கே நடக்கும் பணியின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. கடிதம், பதிவு, சேமிப்புக் கணக்கு, கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் தவணை ஒவ்வொன்றுக்கும் அதில் இடமுண்டு. தாலுகாத் தலைநகருக்கு வேலையாகப் போகும்போது அங்கேயே தவணையைக் கட்டிவிட்டு வரும் பழக்கம் சொந்த ஊர்க் கிளையின் கணக்கைக் குறைத்துவிடுகிறது. கிளையை இடம் மாற்றவோ வேறொன்றோடு சேர்க்கவோ போவதாகச் சுற்றறிக்கை வந்தால், அதன் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள தூரமும் வரவும் சரிதானா என்று ஊரார் சரிபார்க்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர் அறையைத் திரும்பக் கேட்டதால் கிளை தடுமாறும் ஊர்களில், ஊராட்சிக் கட்டடத்திலோ நூலகத்திலோ ஓர் அறையைத் தீர்மானம் போட்டு ஒதுக்கித் தரலாம். இடமில்லை என்ற காரணத்தால் ஒரு கிளை அடுத்த ஊருக்குப் போவதை அது தடுக்கும். புதிதாக வேலைக்கு வரும் வெளியூர்ப் பெண் தன் படியிலிருந்து வாடகை கொடுக்கும் நிலையையும் தவிர்க்கும்.